பன்னிரண்டு நாளாக அடிக்காத பொத்தான்

“டீச்சர், பன்னிரண்டு நாளா அந்தப் பொத்தான் அடிக்கவே இல்ல. எனக்குப் பயமா இருக்கு.”

சபாபதி மாவு மில்லில் வேலை பார்ப்பவர். மனைவி கமலவேணிக்கு வலிப்பு உண்டு. வரப்போவது கொஞ்சம் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். கட்டிலருகே இருக்கும் வைஃபை பொத்தானை அழுத்துவாள். மில்லில் இவர் போன் அலறும். போட்டது போட்டபடி ஓடுவார்.

ரெஜினா டீச்சர் வயதில் இவருக்கு இளையவர். வைஃபை வேலை சொல்லிக்கொடுப்பவர். வாரம் ஒருநாள் சபாபதி அவரிடம் படிக்க வருகிறார்.

“அடிக்கலைன்னா நல்லதுதானே அண்ணே?”

“நல்லதுதான். மாத்திரை கேட்டுடுச்சுன்னு தேங்காய்கூட உடைச்சுட்டேன். ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவை அடிச்சது. ஒரேயடியா நின்னா நம்ப முடியல.”

பல்லிக்கும் பயப்படுகிற மனிதர்தான். ஆனால் இன்று அவர் முகத்தைப் பார்த்த டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

“பன்னிரண்டு நாள் முன்னாடி வீட்ல என்ன பண்ணீங்க?”

“புது ரூட்டர் வச்சேன். பழைய போன், பழைய சாமானெல்லாம் அதுல சேர்ந்தா வேகம் குறையும்ல? அதான் செட்டிங்ல ‘புதுசுக்கு மட்டும்’னு மாத்திட்டேன். அவ பாக்குற சீரியல் இப்ப நிக்காம ஓடுது டீச்சர்.”

டீச்சர் தன் ரூட்டரிலும் அதே செட்டிங்கை வைத்தார். மேஜை டிராயரிலிருந்து பழைய போன் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“நம்ம வைஃபையைத் தேடுங்க.”

பக்கத்துக் கடையின் பெயர் வந்தது. எதிர்வீட்டின் பெயர் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்த டீச்சரின் ரூட்டர் மட்டும் வரவில்லை.

சபாபதி மூன்று முறை தேடினார்.

“அந்தப் பொத்தான் எப்ப வாங்கினது?”

“ஒன்பது வருஷம் ஆச்சு.”

“அழுத்தினா அதுல என்ன தெரியும்?”

“பச்சை விளக்கு எரியும்.”

“அது பேட்டரியில எரியுது அண்ணே. சேதி போனாலும் எரியும், போகலைன்னாலும் எரியும்.”

சபாபதிக்குப் போன செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் கமலவேணியின் நெற்றியில் பிளாஸ்திரி இருந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“மத்தியானம் போன் கையில இல்லையா?”

“கையிலேயேதான் இருந்துச்சு” என்று இவர் சொன்னார்.

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.