மரகதத்துக்கு ஒரு விமானம்

பல் டாக்டர் ஜுலைகாவின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது விமானங்களைத்தான். கூரையிலிருந்து தூண்டில் நரம்பில் தொங்கும் கையளவு விமானங்கள். அவ்வளவும் டாக்டரே செய்தவை. ஊசியை மறந்து நோயாளி மேலே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று தொங்கவிட்டது.

இனிப்புக் கடை பொன்னுரங்கம் கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்த அன்று, வாய் நிறையப் பஞ்சோடு ஏதோ கேட்டார்.

"வலிக்குதுங்களாண்ணா?"

அவர் இல்லையென்று தலையாட்டி, விரலால் கூரையைக் காட்டினார். பஞ்சை எடுத்த பிறகுதான் பேச்சு புரிந்தது.

"இதை எனக்குக் கத்துக் குடுப்பீங்களா, டாக்டரம்மா?"

"பல்லைப் பிடுங்கப் போறேன். பயத்துல பேச்சை மாத்தறீங்களா?"

"இல்லைங்க. எங்க வீட்ல மரகதம் விமானப் பட்டறையில தகடு செக்‌ஷன்ல இருக்காங்க. மாசக் கடைசியில ரிட்டயர் ஆகறாங்க. கல்யாணம் ஆனதுல இருந்து நான் அவங்களுக்குக் குடுத்ததெல்லாம் ஸ்வீட் பாக்ஸ்தான். இந்த ஒரு தடவையாவது வேற ஒண்ணைக் கையால செஞ்சு குடுக்கணும்."

"அக்கா எந்த விமானத்துல வேலை பாக்கறாங்க?"

"ரெண்டு எஞ்சின் வெச்ச சரக்கு விமானம். பெயின்டே இருக்காது. வெறும் தகடு, வெள்ளியாட்டம். கேட்டுக்கு வெளியே நின்னு பாத்திருக்கேன்."

டாக்டர் அவரைவிட இருபது வயது இளையவர். அதனாலென்ன, அன்றைக்கே பொன்னுரங்கம் அவரைக் குருவாக வரித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் பல் போனதுகூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக் சாத்தியிருக்கும். குருவும் சீடரும் உள்ளே உட்கார்ந்து பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டினார்கள். உடம்பு, இறக்கை, வால் எல்லாம் உருவானதும் சீடர் வெள்ளி பெயின்ட் டப்பாவைத் திறந்தார். குரு அதை வாங்கி மூடி வைத்தார்.

"பெயின்ட் அடிச்சா பெயின்டாட்டம் தெரியும். தகடாத் தெரியணும்னா தகடையே ஒட்டணும்."

மேசைமேல் வைத்தது, பரோட்டா கட்டித் தரும் அலுமினிய ஃபாயில் சுருள்.

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவ்வளவுதானா? காஜு கத்லி மேல வெள்ளித் தாள் ஒட்டியே பழகின கை இது. தள்ளி உக்காருங்க, குருவே. இன்னைக்கு நீங்க வேடிக்கை பாருங்க."

இறக்கை நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்டினார். மூச்சை அடக்கிக்கொண்டார். வெள்ளித் தாள் என்றால் மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடுமே. பசை தடவிய இறக்கைமேல் பூப்போல இறக்கிவிட்டு, அழுத்தாமல் கையை எடுத்தார்.

இறக்கை, படுத்தெழுந்தவர் வேட்டிபோல் கசங்கிக் கிடந்தது.

"மூச்சு விடுங்கண்ணா," என்றார் குரு.

விட்டார்.

"இனி உரிங்க."

சின்னச் சின்னத் துண்டுதான் வேண்டும். விமானத்தின் உடம்பில் தகட்டுக்குத் தகடு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்குள் அடங்கும் துண்டு. பசையை மெல்லிசாகப் பூசிவிட்டு, தொட்டால் விரலைப் பிடித்து விடுகிற பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பாகில் கம்பிப் பதம் பார்க்கிறவர் என்பதால் இது மட்டும் பொன்னுரங்கத்துக்கு உடனே வந்துவிட்டது. ஒட்டியபின் மரக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். வம்பு அங்கேதான். வெள்ளித் தாளை அழுத்தாதே என்று பழகிய கை, அழுத்த மாட்டேன் என்றது.

"அழுத்துங்கண்ணா. கத்லி இல்லை, நசுங்காது."

"மனசு வரலைங்க."

"என் நாற்காலியில உக்கார்றவங்ககூட இவ்வளவு பயந்ததில்லை."

அழுத்தப் பழகியதும் அடுத்த வம்பு வந்தது. ஒரு துண்டுக்கு அடியில் தூசி.

"இங்க கடுகாட்டம் ஒண்ணு துருத்திட்டு நிக்குது. இதை எப்படிங்க அமுக்கறது?"

குரு மரக்குச்சியை அவர் கையில் கொடுத்தார். சீடர் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் சுற்றிலும் பளபளப்பு ஏறியது. கடுகு மிளகானது.

"அடியில இருக்கறதை எல்லாம் இது மேல காட்டிக் குடுத்துருதே," என்றார் சீடர்.

"மறைக்கறது பெயின்ட்டோட வேலை. அதைத்தான் மூடி வெச்சாச்சே."

சீடர் அந்தத் துண்டையும் உரித்தார்.

மரகதம் ஓய்வு பெற ஒரு வாரமே இருந்தபோது விமானம் முடிந்தது. துணியால் தேய்த்து, மறுபடி தேய்த்து, குழல் விளக்கு அதன் முதுகில் ஓடும்படி பண்ணியிருந்தார் பொன்னுரங்கம். பெருமை தாளாமல் குருவைத் தேடினார்.

குரு பின்னறை அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் முட்டைகளோடு ஃபாயில் துண்டுகளும் கொதித்துக்கொண்டிருந்தன.

"இது என்னங்க சமையல்?"

"முட்டை நமக்கு. ஃபாயில் விமானத்துக்கு. இப்படி வெந்தா பளபளப்பு போய் மங்கிரும்."

"நல்லா இருக்கறதை எதுக்குங்க மங்க வைக்கணும்? என் கடையில ஒரு தட்டு மங்கியிருந்தா நான் கல்லாவுல உக்காரவே மாட்டேன்."

குரு கையைத் துடைத்துவிட்டு, விமானத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்ன தெரியுது?"

"என் மூஞ்சி." மீசையில் நரை வரைக்கும் தெரிந்தது.

"அக்காவுக்கு இதைத்தான் குடுக்கப் போறீங்களா?"

பொன்னுரங்கம் மீசையைத் தடவிக்கொண்டார். "அது வீட்லயே தினமும் இருக்குதுங்களே," என்றார்.

இருவரும் சிரித்துவிட்டு முட்டை உரிக்க உட்கார்ந்தார்கள்.

"சரிங்க. எது மங்கணும், எது மின்னணும்?"

"எனக்குத் தெரியாதுண்ணா. நான் ஃபோட்டோ பாத்துச் செய்யறவ. தொட்டுப் பாத்தவங்க உங்க வீட்ல இருக்காங்க."

"கேட்டா கண்டுபிடிச்சிருவாங்களே. ரகசியமா வெச்சிருக்கேன்."

"உப்புப் போதுமாண்ணா?" என்றார் குரு.

மறுநாள் காலை மரகதம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, விமானத்துத் தகடெல்லாம் ஒரே மாதிரிதான் மின்னுமா?"

தோசைக் கரண்டி நின்றது. "எதுக்குங்க கேக்கறீங்க?"

"கடையில ஒருத்தர் கேட்டார்."

"மைசூர்பா வாங்க வர்றவரு இதையா கேட்டாரு?"

"படிச்சவரு."

மரகதம் நம்பவில்லை. ஆனாலும் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

"ஒரே மாதிரியா? நல்லாக் கேட்டாரு போங்க. எஞ்சினுக்குப் பின்னால புகை பட்டுப் பட்டுத் தேன் கலர் ஏறிரும். வயித்துப் பக்கம் மண்ணடிச்சு மங்கிக் கெடக்கும். கதவுகிட்ட மட்டும் ஆளுங்க கை பட்டு வழவழன்னு இருக்கும். நாங்க மாத்துற தகடு புதுசு பாருங்க, பழைய சட்டையில புதுப் பாக்கெட் வெச்சாப்ல தனியாத் தெரியும். வானத்துல போறப்பகூட நான் அதைத்தான் தேடுவேன்."

தோசை கருகியது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் வேலையைப் பற்றித் தான் கேட்டதெல்லாம் "பஸ் கெடைச்சுதா?" மட்டும்தான் என்று பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாளும் அந்தப் படிச்சவர் கடைக்கு வந்தார். வாலைப் பற்றிக் கேட்டார். பிறகு சக்கரம் மடங்கும் இடத்தைப் பற்றிக் கேட்டார். ஒரு நாள் பொன்னுரங்கம் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மரகதமே ஆரம்பித்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு அவரு வரலையா?"

சாயங்காலங்களில், கடைசி நோயாளி போனதும், பொன்னுரங்கம் கிளினிக் படியேறினார். முகம் தெரிந்த துண்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார். வெந்த ஃபாயிலை வயிற்றில் ஒட்டினார். எஞ்சினுக்குப் பின்னால் தேன் நிறம் ஏற்றினார். கதவை மட்டும் துணியால் தேய்த்துத் தேய்த்து மின்ன வைத்தார். குரு பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்.

பிரிவுபசார விழா முடிந்த மறுநாள் ஞாயிறு. பொன்னுரங்கம் கையில் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"முதல்ல மாலையைக் கழட்டி என் கையில குடுத்துட்டு விமானத்தை வாங்கினாங்க. திருப்பி வயித்தைப் பாத்தாங்க. எஞ்சினுக்குப் பின்னால பாத்தாங்க. கதவுகிட்ட விரலை வெச்சுத் தடவினாங்க. அப்புறம், 'படிச்சவரு நல்லாத்தான் செஞ்சிருக்காரு'ன்னாங்க."

டாக்டர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

"அதோட விட்டாங்களா? செக்‌ஷன் ஆளுங்களை எல்லாம் கூப்பிட்டு, இது நான் மாத்தினது, அது நீ மாத்தினதுன்னு தகடு தகடாப் பங்கு போட்டாங்க. கேக் வெட்ட ஆளே இல்லை."

சொல்லிவிட்டு ஸ்வீட் பாக்ஸைத் திறந்தார். உள்ளே பஞ்சு வைத்து விமானம். அவர் முகம் லேசாக வாடியிருந்தது.

"ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. ஃபாயில்ல மெல்லிசா ஒரு ரேகை ஓடுமில்ல, தகட்டுலயும் ஒரே திசையில ஓடுமாம். வால்கிட்ட ஒரு துண்டுல அது குறுக்க ஓடுது. நான் பாக்கலை. நீங்களும் பாக்கலை. அவங்க பாத்துட்டாங்க. 'தகடை இப்படி யாராவது வெட்டுவாங்களா'ன்னு காலையில காப்பியோட ஆரம்பிச்சாங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல அவங்களே அப்படி வெட்டிட்டு, சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாங்களாம். அந்தக் கதைக்குப் போயிருச்சு பேச்சு. அவங்களுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன். புதுத் துண்டுகூட வெட்டி வெச்சிருக்கேன். மாத்திரலாமா, டாக்டரம்மா?"

குரு விமானத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். ரேகை குறுக்கேதான் ஓடியது.

"அக்கா அந்தக் கதையைச் சொல்லி முடிச்சாச்சா?"

"எங்கீங்க. சூப்பர்வைசர் கத்தினதோட நிக்குது. மிச்சம் மத்தியானச் சாப்பாட்டுக்குன்னு சொல்லிட்டாங்க."

குரு விமானத்தைப் பஞ்சில் வைத்து, பாக்ஸை மூடி, அவர் கையிலேயே கொடுத்தார்.

"மணி பன்னெண்டரை ஆச்சுண்ணா. வீட்டுக்குக் கிளம்புங்க."