மூலைச் சுவரும் முழங்கையும்

தாசில்தார் மாசிலாமணி சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. சமையலறையைப் புதுப்பிக்கக் குடும்பத்தோடு கடைக்குப் போனவர் பளபளவென்று ஒரு சிங்க்கைக் காட்டினார்.

"இதைப் பழைய மூலையிலேயே மாட்டணும். யாராவது குறை கண்டுபிடிங்க பார்ப்போம், அவங்க சொன்னபடியே செய்றேன்!"

மருமகள் பூங்கோதை பணிவாகக் கேட்டாள்: "குறையே இல்லை மாமா. அத்தை எந்தக் கையால பாத்திரம் தேய்ப்பாங்க?"

"இதென்ன கேள்வி? வலது கைதான்!"

அவர் மனைவி தெய்வானை தயங்கித் தயங்கி இடது முழங்கையைக் காட்டினாள். அவள் இடது கைக்காரி; தேய்க்கும்போதெல்லாம் மூலையின் இடப்பக்கச் சுவரில் வருஷக்கணக்காக இடித்து அது காய்த்துப்போயிருந்தது. அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தவரும் மாசிலாமணிதான்.

சிங்க் சன்னலடிக்கு வந்தது. இருபுறமும் தாராளமாக இடம். ஆனாலும் தெய்வானை முழங்கையை ஒடுக்கிக்கொண்டே தேய்த்தாள்.

"கையை நல்லா வீசித் தேயேன், தெய்வானை."

"பழகிப்போச்சுங்க."

அவர் அவள் கையிலிருந்த ஈரத் தட்டை வாங்கித் துடைத்தார்.