எந்த பிரவுசர் படத்தைச் சொல்லும்?

“டீச்சர், இந்த பிரவுசர் சரியில்ல. ரொம்ப மெதுவா இருக்கு.”

“அப்ப மாத்துங்க அண்ணாச்சி.”

பேச்சியப்பன் மாற்றினார்.

அடுத்த வகுப்புக்கு வந்தார்.

“புதுசு வேகமாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பாதியில விழுந்து, தானா மூடிக்கிருது. படிச்சிட்டு இருக்கும்போதே குரல் நின்னுருது.”

“அப்ப இன்னொண்ணு பாருங்க.”

பார்த்தார்.

பேச்சியப்பன் கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் அவர் கேமராதான்.

ஐம்பதைத் தாண்டியதும் கண்ணில் அழுத்த நோய் வந்தது. வலிக்கவில்லை. ஓரங்களிலிருந்து மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது. பார்க்கும் இடம் சிறிதாகிக்கொண்டே போய், பிறகு அதுவும் இல்லை.

சலோமி அவரைவிட மிகவும் இளையவள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில், பார்வையற்றவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுத்தாள். திரையில் இருப்பதை ஒரு குரல் படிக்கும். கேட்டுக் கேட்டு விசையைத் தட்டிப் போக வேண்டியதுதான்.

பேச்சியப்பனைக் கையைப் பிடித்து அங்கே கொண்டுவந்து விட்டவள் அவர் மனைவி செண்பகம்.

“வீட்டுல சும்மாவே உக்காந்திருக்காரு டீச்சர். பேச்சே இல்ல” என்று சொன்னாள்.

“இங்க பேசட்டும்” என்றாள் சலோமி.

பேசினார். பிரவுசரைப் பற்றியே பேசினார்.

எது சீக்கிரம் திறக்கும், எது கணினியையே மந்தமாக்கிவிடும், எதில் விளம்பரம் வராது, எது போன இடத்தை நினைவில் வைத்திருக்கும், எல்லாம் சொல்லுவார். வகுப்பில் மற்றவர்கள் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்டார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு நாள் சலோமி கேட்டாள்.

“நேத்து என்ன படிச்சீங்க அண்ணாச்சி?”

“படிக்கல டீச்சர். மூணு பிரவுசர்லயும் ஒரே பக்கத்தத் திறந்தேன். எது முன்ன வருதுன்னு பாத்தேன்.”

“எது வந்துச்சு?”

“ரெண்டாவது.”

“பக்கத்துல என்ன இருந்துச்சு?”

பேச்சியப்பன் யோசித்தார்.

“அதக் கவனிக்கல.”

“சரி” என்றாள் சலோமி.



ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் வந்ததும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாளையிலேருந்து நான் வரல டீச்சர்.”

“ஏன்?”

“மாத்துறதுக்கு இனி பிரவுசர் இல்ல. எல்லாத்தையும் பாத்துட்டேன்.”

“எல்லாத்துலயும் அப்படி என்ன குறை?”

“ஒண்ணு மெதுவு. ஒண்ணு விழுந்துருது. ஒண்ணுல...”

“அது இல்ல. உண்மையான குறை என்ன?”

காற்றில் ஜன்னல் கதவு அடித்தது. சலோமி எழுந்து போய், கையால் தடவி, கொக்கியை மாட்டிவிட்டு வந்தாள்.

அதற்குள் அவர் உட்கார்ந்திருந்தார்.

“படம் வந்தா எல்லாம் ஊமையாயிருது டீச்சர்.”

“ம்.”

“ஒரு பிரவுசர்ல ‘படம்’னு சொல்லுது. அவ்வளவுதான். அடுத்த வரிக்குப் போயிருது. இன்னொண்ணுல ஏதோ நம்பரப் படிக்குது. புதுசா ஒண்ணு, படத்துல என்ன இருக்குன்னு தானே யூகிச்சுச் சொல்லும்னாங்க. ஆசையாப் போட்டேன். ‘மரம் இருக்கலாம், ஆட்கள் இருக்கலாம்’னுது. இருக்கலாமாம்.”

அவர் விசைப்பலகையை எட்டத் தள்ளினார்.

“வாழ்நாளெல்லாம் படம் எடுத்தவன் டீச்சர் நான். பாட்டு வேணாம், செய்தி வேணாம். எந்த பிரவுசர் படத்தச் சொல்லும்? அதத்தான் தேடிக்கிட்டே இருக்கேன்.”

சலோமி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இதுல இப்ப எந்த பிரவுசர் திறந்திருக்கு?”

“மெதுவானது. வேற போடட்டுமா?”

“வேண்டாம். இதுவே போதும்.”

ஏதோ ஒரு முகவரியைத் தட்டினாள். பக்கம் திறக்க நேரம் ஆனது. இருவரும் காத்திருந்தார்கள்.

யாரோ தூத்துக்குடிப் பக்கம் போய்வந்து எழுதிய பயணக் குறிப்பு அது. குரல் படித்தது. பேருந்து, வெயில், சாப்பாட்டுக் கடை. பேச்சியப்பன் பாதிக் கவனத்தில் கேட்டார்.

பிறகு குரல் சொன்னது:

“படம். உப்பளம், விடியற்காலை. பாத்தியில் தேங்கிய தண்ணீரில் வானம் அப்படியே கிடக்கிறது. வரப்பில் ஒரு பெண் கூடையோடு நடக்கிறாள். காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். வரப்பு வழுக்கும் போலிருக்கிறது.”

பேச்சியப்பன் குரல் வந்த பக்கம் சாய்ந்தார்.

“திரும்பப் படிக்கச் சொல்லுங்க.”

சலோமி விசையைத் தட்டினாள். குரல் திரும்பப் படித்தது.

“எடுத்த ஆளு கிழக்கப் பாத்து நின்னிருக்கான்” என்றார் பேச்சியப்பன். “சூரியன் அந்தப் பொம்பளைக்குப் பின்னால. முகம் இருட்டாத்தான் விழுந்திருக்கும். கூடை ஓரம் மட்டும் மின்னும்.”

“அப்படியா?” என்றாள் சலோமி.

“ஆமா. தெரியுது.”

அந்தச் சொல்லைச் சொன்னதும் அவரே திகைத்துப்போனார்.

பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். வேகமான பிரவுசரில் அதே பக்கத்தைத் திறந்தார். அதே உப்பளம். அடிக்கடி விழும் பிரவுசரில் திறந்தார். கூடையோடு வந்த பெண் பாதி வரப்பில் நின்றுபோனாள். மறுபடி திறந்தார். வந்தாள். அதே நடை.

“எல்லாத்துலயும் சொல்லுதே!”

“சொல்லும்.”

“அப்ப சொல்லுறது பிரவுசர் இல்லையா?”

“அதுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? அந்தப் பக்கத்த எழுதினவங்க, படத்தப் போட்டுட்டு, அதுல என்ன இருக்குன்னு ஒரு வரி எழுதி வச்சிருக்காங்க. கண்ணு தெரியிறவங்களுக்கு அந்த வரி திரையிலயே வராது.”

“பின்ன யாருக்கு எழுதினாங்க?”

“எனக்கு. உங்களுக்கு.”

“அவங்களுக்கு நம்மளத் தெரியுமா?”

“தெரியாது.”

பேச்சியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சலோமிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவர் மூச்சு சீராகும்வரை அவள் எதுவும் பேசவில்லை.

“அவங்க பேரு என்ன டீச்சர்?”

“போடல. நானும் தேடிப் பாத்தேன்.”

“அவங்களுக்கு நான் நன்றி சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“எப்படிச் சொல்ல? பேரும் இல்ல, ஊரும் இல்ல.”

சலோமி எழுந்து, அடுத்த நாற்காலிக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள். பாதி வழியில் நின்று கேட்டாள்.

“உங்க ஸ்டுடியோவுக்கு ஒரு இணையப் பக்கம் இருந்துச்சுன்னு சொன்னீங்களே. இன்னும் இருக்கா?”

இருந்தது. தம்பி மகள் செய்து கொடுத்தது. நல்ல படங்களாகப் பொறுக்கி ஏற்றியிருந்தார். கண் போனபிறகு அந்தப் பக்கமே அவர் போனதில்லை.

அன்றைக்குத் திறந்தார்.

“படம்” என்றது குரல். “படம். படம். படம். படம்.”

அவர் நிறுத்தவில்லை. கடைசிப் படம்வரை கேட்டார்.

பிறகு எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு, செண்பகம் காத்திருந்த வாசலுக்குப் போனார்.

“இன்னைக்கு மத்தியானம் உனக்கு வேலை இருக்கா?” என்று கேட்டார்.

“என்ன விஷயம்?”

“கொஞ்சம் படம் பாக்கணும்.”

செண்பகம் அவர் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் படம் என்ற சொல்லையே யாரும் எடுக்காத காலம் அது. சுவரில் மாட்டியிருந்தவற்றைக்கூட அவர் கழற்றி உள்ளே வைக்கச் சொல்லியிருந்தார்.

“வேலை ஒண்ணுமில்ல” என்றாள்.

சாப்பிட்டதும் உட்கார்ந்தார்கள். பக்கத்தைத் திருத்தப் போனால், ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அதில் என்ன இருக்கிறது என்று எழுத, காலியாக ஒரு கட்டம் இருக்கும் என்று சலோமி சொல்லியிருந்தாள். செண்பகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் தட்ட வேண்டும்.

“ஒரு சின்னப் பிள்ள. மழையில நிக்கா. குடை வச்சிருக்கா.”

“சிவப்புக் குடை. ஒரு கம்பி ஒடிஞ்சு தொங்கும்.”

“ஆமாங்க. தொங்குது.”

“கழுகுமலையில எடுத்தது. அவ சிரிக்காளா?”

“சிரிக்கல. நாக்க நீட்டி மழையக் குடிக்கா.”

பேச்சியப்பன் சிரித்துவிட்டார். செண்பகம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்தது எட்டயபுரத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரம். செண்பகம் சொன்னாள்: மணவறை, மாப்பிள்ளை, பெண், மாலை, மேளக்காரர்கள். அவர் எல்லாவற்றையும் தட்டி முடித்தார்.

பிரவுசர் விழுந்தது.

எழுதியது அத்தனையும் போயிற்று.

“வேற பிரவுசர் போடுவமா?” என்று கேட்டாள் செண்பகம். அவர் கோபப்படுவார் என்று அவளுக்குப் பயம்.

“வேண்டாம். திரும்பத் திறக்கும். நீ திரும்பச் சொல்லு. இந்தத் தடவ இன்னும் நல்லாப் பாத்துச் சொல்லு.”

அவள் பார்த்தாள். ஓரம்வரை பார்த்தாள்.

“பந்தல்கால் பக்கத்துல ஒருத்தர் நிக்காரு. துண்டால வாயைப் பொத்தியிருக்காரு. கண்ணு நிறைஞ்சிருக்கு. பொண்ணோட அப்பாவா இருக்கும்.”

“எங்க?”

“இந்த ஓரத்துல.”

“நான் அவரப் பாக்கல.”

“படம் எடுத்தது நீங்கதான?”

“நான்தான். பொண்ணையும் மாப்பிள்ளையையும்தான் பாத்தேன். அவரு நின்னது எனக்குத் தெரியாது.”

அவர் விசைகளிலிருந்து விரல்களை எடுத்தார். பிறகு கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார்.

“இத்தனை நாளும் உன்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே.”

“நானும் சொல்லலையே. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு இருந்துட்டேன்.”

“இப்பச் சொல்லு.”

சொன்னாள். துண்டின் கரை பச்சை என்று சொன்னாள். பெண்ணின் அப்பா சட்டையில் சந்தனம் தெறித்திருப்பதைச் சொன்னாள். எல்லாம் கட்டத்துக்குள் ஏறியது.

மழைக்காலம் முடியும் மட்டும் மத்தியானங்களில் அவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். சில படங்களுக்கு ஒரு வரிதான் வந்தது. சில படங்களில் இருவருக்கும் சண்டை வந்தது. செண்பகம் இருப்பதைச் சொல்லுவாள், அவர் எடுத்தபோது நடந்ததைச் சொல்லுவார். எது கட்டத்துக்குள் போகவேண்டும் என்று பேசிப் பேசி எழுதினார்கள்.

முடிந்ததும் வகுப்புக்குப் போனார்கள்.

“டீச்சர், அந்த உப்பளப் படத்துக்கு வரி எழுதினவங்களுக்கு நன்றி சொல்லிட்டேன்” என்றார் பேச்சியப்பன்.

“கேக்கட்டுமா?”

சலோமி அவருடைய பக்கத்தைத் திறந்தாள். குரல் ஒவ்வொன்றாகப் படித்தது. வகுப்பில் மற்றவர்களும் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மழையைக் குடிக்கும் பிள்ளையைக் கேட்டுச் சிரித்தார்கள். பந்தல்காலில் நின்ற மனிதரிடம் வந்தபோது யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கடைசிவரை கேட்ட சலோமி செண்பகத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“அக்கா, நாளைக்கும் நீங்க வர முடியுமா?”

“வாரேன் டீச்சர். எதுக்கு?”

“வாங்க.”

மறுநாள் அவள் மேசையில் ஒரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து தடித்த ஆல்பம் ஒன்றை எடுத்தாள். மேலட்டையை உள்ளங்கையால் தடவி, நேராக வைத்தாள்.

“எங்க கல்யாண ஆல்பம்” என்றாள். “எங்க வீட்டுக்காரருக்கும் பார்வை கிடையாது. பாத்தவங்க எல்லாரும் ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க. என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. எனக்கும் கேக்கத் தோணல.”

பேச்சியப்பன் கைகூப்பினார். அதை அவள் பார்க்க முடியாது என்பது அவருக்கு அப்போது நினைவில் இல்லை.

செண்பகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

“மாதா கோயில் வாசல். நீங்க ரெண்டு பேரும் நிக்கீங்க. வெள்ளச் சேல. பூவெல்லாம் உங்க தோள்ல சரிஞ்சு கிடக்கு. சுத்தி ஏகப்பட்ட ஆளு. எல்லாரும் கேமராவைப் பாக்காங்க.”

“ம்.”

“நில்லுங்க. இன்னும் பாக்குதேன்.”

செண்பகம் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“உங்க வீட்டுக்காரரு கை தொங்கவிட்ட மாதிரி இருக்கு. ஆனா தொங்கல. ரெண்டு விரலால உங்க சேல ஓரத்தப் பிடிச்சிட்டு நிக்காரு. பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்காது.”

சலோமியின் கை தானாக இடுப்புப் பக்கம் போயிற்று.

“அது எனக்குத் தெரியும் அக்கா” என்றாள். “அது படத்துல விழுந்திருச்சா?”