மின்னேட்டில் மறைந்த மன்னர்

நதியும் பிறையும் சூடிய பெருமான் அருளால் மாரி பொய்யாத நல்லாற்றூரை மகுடவர்மர் ஆண்டுவந்தார். ஓலைச்சுவடிகள் பரணுக்குப் போய், குடிகள் கையிலெல்லாம் மின்னேடு ஒளிர்ந்த காலம் அது. வீதியில் செல்வோர் எதிரே வரும் மாட்டைப் பாராமல் மின்னேட்டைப் பார்த்து நடந்தார்கள். அதைக் கண்ட மன்னருக்கு ஓர் ஆசை பிறந்தது. தம் வரலாறு சித்திரக்கதையாகி அந்தத் திரைகளில் தோன்ற வேண்டும். மாட்டைப் பாராதவர்கள் தம் திருமுகத்தையாவது பார்க்க வேண்டும்.

சித்திரம் தீட்டும் பணி கயற்கண்ணி என்னும் ஓவியருக்கு வாய்த்தது. கோயில் விதானங்களில் தேவர்களை எழுதித் தேர்ந்த கை அவளுடையது. பாத்திரங்களின் வாயருகே மிதக்கும் பேச்சுக் குமிழிகளை நிரப்பும் பணியை அவைப்புலவர் சொக்கேசக் கவிராயர் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்.

சுருங்கச் சொல்வது கவிராயருக்கு வழக்கமில்லை. மன்னர் இருமினாலும் அதற்கொரு மெய்க்கீர்த்தி பாடக்கூடியவர். முதற்பக்கத்தில் மன்னர் அரியணையில் வீற்றிருந்து, "அவை கூடுக" என்கிறார். கதைக்கு வேண்டியது அவ்வளவே. கவிராயரோ மன்னர் தோளில் திருமகள் குடிவந்ததில் தொடங்கி, ஏழு கடலையும் தாண்டி, தோற்றோடிய பகைவர் காலில் தைத்த முள் ஈறாக ஒரு நெடிய மெய்க்கீர்த்தி இயற்றிக் குமிழிக்குள் அடைத்தார். எழுத்தைச் சிறிதாக்கலாமே என்றாள் கயற்கண்ணி. அரசர் புகழ் சிறுப்பதா என்று சீறினார். சில அடிகளைக் குறைக்கலாமே என்றாள். அதற்கு இராசத்துரோகம் என்று பெயர் என்றார்.

மின்னேடோ உள்ளங்கை அகலம். மன்னர் ஆவலோடு திறந்தபோது திரை முழுவதும் எழுத்தே நிறைந்திருந்தது. அடியில் அரியணையின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"இதில் நாம் எங்கே?" என்றார் மன்னர்.

கவிராயர் முந்திக்கொண்டார். புகழின் அளவுக்கு ஏற்ப உருவத்தை எழுதத் தெரியாத ஓவியரின் பிழை அது என்று பணிவோடு விண்ணப்பித்தார். மன்னர் முகம் சிவந்தது. ஆணை பிறந்தது: மெய்க்கீர்த்தியில் ஓர் எழுத்தும் குறையக்கூடாது, சிறுக்கவும் கூடாது, மன்னரோ முடிமுதல் அடிவரை விளங்க வேண்டும். பிரதோஷத்தன்று கூடும் அவையில் இது நிறைவேறாவிட்டால், கயற்கண்ணி தூரிகைகளை ஒப்படைத்துவிட்டு நாட்டைவிட்டு நீங்க வேண்டும்.

அவள் நேரே சென்றது அமைச்சர் சிற்றம்பலவரிடம். மன்னரைச் சிரிக்கவைத்தே உண்மையைச் சொல்லிவிடக்கூடியவர் அந்த அவையில் அவர் ஒருவரே.

"திரையைப் பெரிதாக்க என்னால் ஆகாது, ஐயா. கவிராயரைச் சிறிதாக்கவும் ஆகாது."

"இரண்டாவதற்கு வேண்டுமானால் முயன்று பார்க்கலாம், அம்மா," என்றார் சிற்றம்பலவர்.

சித்திரம் எவ்வாறு அமைகிறது என்று கேட்டறிந்தார். கீழடுக்கில் ஓவியம், மேலடுக்கில் குமிழி என்றாள். விரலால் தொட்டால் மேலடுக்கு விலகும்படியும் அமைக்கலாம் என்றாள். அவர் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்.

"தலை போய்விடுமே, ஐயா."

"போனால் என் தலைதான் போகும். செய்யச் சொன்னவன் நான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்."

பிரதோஷத்தன்று அவை கூடியது. சிற்றம்பலவர் மின்னேட்டை முதலில் கவிராயர் கையில் கொடுத்தார். கவிராயர் எழுத்தெழுத்தாகப் படித்து, ஒன்றும் குறையவில்லை என்று மகிழ்ந்தார். முன்பு போலவே எழுத்துக்கு அடியில் அரியணையின் கால்கள் தெரிந்தன.

"இந்தப் பக்கத்தில் மன்னர் விளங்குகிறாரா, கவிராயரே?"

"விளங்காமல் என்ன? என் சொல்லுக்குள்ளேயே முடி தெரிகிறது, மார்பு தெரிகிறது, அருள்பொழியும் விழி தெரிகிறது. ஞானக்கண் உடையவருக்கு அது போதும்."

"ஐயமில்லையே?"

"என் தமிழ்மேல் ஆணை. இதற்குள் வீற்றிருப்பவர் நம் மன்னரே."

மன்னரும் பாதி மகிழ்ந்து மின்னேட்டை வாங்கினார். எழுத்தின்மேல் திருவிரல் ஒருமுறை படட்டும் என்று சிற்றம்பலவர் வேண்டிக்கொண்டார். மன்னர் தொட்டார். குமிழி விலகியது. உள்ளே அரியணை இருந்தது. அதில் ஒருவரும் இல்லை.

கயற்கண்ணி தூணைப் பற்றிக்கொண்டாள்.

"நாம் எங்கே?" இம்முறை மன்னர் குரலில் இடி இருந்தது.

"ஓவியரை இவ்வாறு எழுதச் சொன்னவன் அடியேன். ஆனால் தாங்கள் எங்கே என்பதைக் கவிராயரிடம்தான் கேட்க வேண்டும், அரசே. இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்."

கவிராயருக்கு நா குழறியது. "மெய்க்கீர்த்தி… மெய்க்கீர்த்தி முழுமையாக இருக்கிறதே, அரசே."

சிற்றம்பலவர் கைகூப்பினார். "கோயிலில் மாலைகள் எத்தனை வந்தாலும் அருச்சகர் திருமுகத்தை மறைத்துச் சாத்துவதில்லை. இங்கே சாத்திய சாத்தலில் உள்ளே சுவாமி இல்லை என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை. கவிராயரின் மெய்க்கீர்த்தியில் கீர்த்தி குறைவின்றி இருக்கிறது, அரசே. மெய்யைத்தான் காணோம்."

மன்னர் வெற்று அரியணையை மீண்டும் பார்த்தார். பிறகு மீசை துடித்தது, சிரிப்பு பீறிட்டது. சிரித்து ஓய்ந்தபின் தம் முத்தாரத்தைக் கழற்றிக் கயற்கண்ணிக்கு அளித்தார். இனிச் சித்திரத்தில் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு இடம் என்று முடிவுசெய்பவள் அவளே என்று ஆணையிட்டார்.

மெய்க்கீர்த்தியை மட்டும் தனிநூலாக வெளியிட்டுக்கொள்ளக் கவிராயருக்கு அனுமதி கிடைத்தது. அதைத் தம் மின்னேட்டில் இறக்கிக்கொண்டவர் நாட்டில் இருவர். ஒருவர் கவிராயர். மற்றவர் கைதவறித் தொட்டவர்.