கக்க வைக்கும் ராட்டினம்

மலைக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரே ஒரு ஊரு, அந்த ஊருக்கு ஒரே ஒரு ராஜா. கெட்ட ராஜா இல்ல. ஆனா ஒரு வார்த்தை காதுல விழுந்துட்டா, அதை அப்படியே பிடிச்சுக்குவாராம். "தலை போற அவசரம் மகாராஜா"ன்னு ஒருத்தன் ஓடி வந்தா, முதல்ல அவன் தலையைத் தொட்டுப் பார்ப்பாராம். இருக்குதுன்னு தெரிஞ்ச பிறகுதான், "சரி, என்ன விஷயம்?"னு கேட்பாராம்.

சிரிக்காதீங்க. அப்படி ஒரு ராஜா கிட்ட மாட்டினவங்களுக்குச் சிரிப்பு வராது.

அந்த ஊர்த் திருவிழாவுக்கு ஒரு ராட்டினம் வந்ததாம். அரண்மனைச் சமையல்காரன் ஆசைப்பட்டு ஏறிட்டான். ஏறி, சுத்தி, கீழ இறங்கி, ராஜா முன்னாலேயே வாந்தி எடுத்துட்டான். எடுத்தது பூரா நெய்யி. பயந்துபோய் கால்ல விழுந்து, "மகாராஜா, அண்டாவுல இருந்த நெய்யைத் தின்னது நான்தான்"னு அழுதான். ராஜாவுக்கு ஒரே ஆச்சரியம்.

"பார்த்தியா? நெய்யையும் கக்கினான், உண்மையையும் கக்கினான்!"

பக்கத்துல நின்னவன் தளவாய் கொம்பையா. படைக்கும் காவலுக்கும் அவன்தான் தலைவன். அவன் ராஜா காதுல குனிஞ்சு சொன்னான், "ஆமா மகாராஜா. இதுல ஏத்தினா எல்லாருமே உண்மையைக் கக்கிடுவாங்க."

அவ்வளவுதான். கோட்டை மதிலை விட உசரமா ராஜா ஒரு ராட்டினம் கட்டச் சொன்னாரு. நாட்டுல என்ன திருட்டு நடந்தாலும், யார் மேல சந்தேகமோ அவங்களைத் தொட்டில்ல உக்கார வச்சுச் சுத்துறது. வாந்தி எடுத்தா திருடன், எடுக்காட்டி நல்லவன். ராஜா வாயில ஒரு வெத்தலை போடுவாரு. அதை மென்னு துப்புற வரைக்கும் ராட்டினம் சுத்தும். வாந்தி எடுத்தவங்களை ஆத்துக்கு அக்கரையில இருக்கிற கருங்காட்டுல கொண்டுபோய் விட்டுடுவாங்க. கொஞ்ச நேரம் அவங்க கூப்பிடுற சத்தம் இக்கரைக்குக் கேட்கும். அப்புறம் கேட்காது.

ம் சொல்லுங்க. சொன்னாத்தான் நீங்க முழிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.

அந்த ஊர்ல குருவாயின்னு ஒருத்தி இருந்தா. அரண்மனைக்குப் பூ கட்டிக் கொடுக்கிறவ. கைக்குழந்தைக்காரி. வண்டியில ஏறினா வாந்தி, பரிசல்ல ஏறினா வாந்தி, ஊஞ்சல் ஆடுறதை நின்னு பார்த்தாலே வாந்தி. அவ கல்யாணத்துக்குக்கூட மாப்பிள்ளையை வண்டியில உக்கார வச்சுட்டு, இவ பின்னாலேயே நடந்து வந்தாளாம். ஊருக்கே தெரியும். தளவாய்க்கும் தெரியும்.

ஒருநாள் ராணியோட வைரத் தோடு காணாமப் போச்சு. தளவாய் நேரா ராஜா கிட்ட வந்து, "பூக்காரி குருவாயி மேலதான் சந்தேகம் மகாராஜா. காலையில அந்தப்புரத்துக்கு வந்தவ அவதான்"னு சொன்னான்.

"அப்படியா? ஏத்திடு"ன்னாரு ராஜா.

குழந்தையைப் புருஷன் கையில கொடுத்துட்டு, குருவாயியைக் கொண்டுபோய் அறையில அடைச்சாங்க. தெருவைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல். அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் எடுக்கலைன்னு வாய் சொல்லும். ஆனா வயிறு எடுத்தேன்னு சொல்லிடுமே! வாயை அடக்கலாம், வயித்தை எப்படி அடக்குறது?

அப்போ ஒரு வண்டிக்காரர் அந்தப் பக்கமா வந்தாரு. "அண்ணே, அண்ணே! நாள் பூரா வண்டியிலேயே இருக்கீங்களே, உங்களுக்கு மட்டும் எப்படி வாந்தி வரல?"ன்னு கேட்டா.

வண்டிக்காரர் மாட்டை நிப்பாட்டி யோசிச்சாரு. "எனக்கு எங்க தாயி வருது? நான் முன்னால உக்காந்து தூரத்துல ரோட்டைப் பார்த்துக்கிட்டே போறேன். பின்னால உக்காந்து வைக்கோலையே பார்த்துட்டு வர்றானே, அவனுக்குத்தான் வரும். அசையாத ஒண்ணைத் தேடிப் பிடிச்சுக்க. கண்ணை அதுலயே வச்சுக்க." சொல்லிட்டு, தளவாய் ஆளுங்க பார்த்துடுவாங்கன்னு மாட்டை விரட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் ஒரு பரிசல்காரி வந்தா. "அக்கா, அக்கா! ஆத்துச் சுழியிலயே இருக்கியே, உனக்கு மட்டும் எப்படி வாந்தி வரல?"

"அடியே, உன்னை ஒருவாட்டி ஏத்திட்டு என் பரிசலை நான் பொழுதன்னிக்கும் கழுவினேன், மறந்துட்டியா?"ன்னு அவ முதல்ல திட்டினா. அப்புறம் ஜன்னல் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, "இந்தா பாரு. அது சாயுற பக்கம் நீயும் சாயி. வெறைச்சுக்கிட்டு உக்காந்தேன்னா, வயிறு உன்னை விட்டுட்டுத் தனியாச் சுத்தும். மூச்சை இழுத்து மெதுவா விடு"ன்னு சொன்னா.

அதுக்கப்புறம் வந்தவன் மாடக்கண்ணு. ராட்டினத்தைத் தள்ளுற ஆளுங்கள்ல ஒருத்தன். அவனைப் பார்த்ததும் குருவாயி ஜன்னலை விட்டுப் பின்னால நகர்ந்துட்டா. அவன் அக்கம் பக்கம் பார்த்துட்டுச் சொன்னான்.

"அம்மா, ஏத்துறதுக்கு முன்னால உனக்கு ராஜ விருந்துன்னு ஒண்ணு வைப்பாங்க. நெய் ஒழுகுற பொங்கலும், பாகு ஊத்தின அதிரசமும். அதை மட்டும் தொடாதே. நாங்க தள்ளுறது பாதிதான். மீதியை அந்தச் சோறு பண்ணிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் தம்பி தின்னான்மா. பசியில வாரி வாரித் தின்னான். அப்புறம் நான்தான் தள்ளினேன்."

ஜன்னல் வழியா கொஞ்சம் பொரியும் ஒரு துண்டு சுக்கும் போட்டுட்டுப் போயிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊரே திரண்டு வந்து நின்னுச்சு. குருவாயி முன்னால தலைவாழை இலை போட்டாங்க. நெய் மிதக்கிற பொங்கல், அடுக்கி வச்ச அதிரசம். வாசம் பட்டதுமே அவளுக்குக் குமட்டிச்சு.

"சாப்பிடு"ன்னான் தளவாய்.

"வேணாங்க."

"ராஜா வீட்டுச் சோத்தையா வேணாங்குற?"

"ஐயோ, அப்படி இல்லீங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நான் ஒருபொழுது. ஒருவேளைதான் சாப்பிடணும். விடியக்காலையிலேயே பொரி தின்னுட்டேன். இப்போ வாயில வச்சா அம்மனுக்கு ஆகாதுங்க."

கூட்டத்துல இருந்த பொம்பளைங்க எல்லாம், "விரதத்தைக் கெடுக்காதீங்க சாமி"ன்னு கத்திட்டாங்க. ராஜாவே கன்னத்துல போட்டுக்கிட்டாரு. தளவாய் பல்லைக் கடிச்சுக்கிட்டு இலையைத் தள்ளினான். "சோறு இல்லாட்டி என்ன? ஏத்துங்கடா அவளை!"

ஏத்தினாங்க. ராஜா வெத்தலையை வாயில போட்டாரு. ராட்டினம் கிளம்பிச்சு.

முதல்ல தொட்டில் மெதுவா மேல போச்சு. காலுக்குக் கீழ தரை நழுவிப்போச்சு. ஜனங்க முகமெல்லாம் சின்னதாயிடுச்சு. குருவாயி அசையாத ஒண்ணைத் தேடினா. மதில் ஓடுது, மரம் ஓடுது, கோபுரம் ஓடுது. தூரத்துல மலை மட்டும் அப்படியே இருந்தது. கண்ணை அதுல வச்சா. தொட்டில் சாஞ்ச பக்கம் சாஞ்சா. மூச்சை இழுத்து, மெதுவா விட்டா.

ஆனா தொட்டில் கீழ வரும்போது மதில் வந்து மலையை மறைச்சுடுச்சு. அப்போ பிடிச்சுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. கல்லு கல்லா மதில் ஓடுது, அவளும் ஓடுறா. வாயில எச்சில் ஊறிச்சு. வாந்திக்கு முன்னால ஊறுமே, அந்த எச்சில். கண்ணை மூடினா. மூடினா இன்னும் மோசமாச் சுத்துச்சு. தெறந்தா. சுக்கைக் கடிச்சா. மலை வரும், வந்துடும், வந்துடும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா. மலை வந்தது. மறுபடியும் போச்சு. மறுபடியும் வந்தது.

ராஜா வெத்தலையை மென்னு முடிச்சுத் துப்பப் போனாரு. தளவாய் பார்த்தான். "மகாராஜா, பாக்கு குறைச்சலா இருக்குமே"ன்னு ஒரு கை பாக்கை நீட்டினான். ராஜா வாங்கிப் போட்டுக்கிட்டாரு. மறுபடியும் துப்பப் போனாரு. "மகாராஜா, இது கொழுந்து வெத்தலை"ன்னான். அதையும் போட்டுக்கிட்டாரு. மறுபடியும் போனாரு. "ஒரு கிராம்பு, மகாராஜா"ன்னான். அதையும் வாங்கப் போனவருக்கு வாய் நிறைஞ்சு, தும்மல் வந்து, எல்லாத்தையும் துப்பிட்டாரு.

தள்ளுறவங்க நிப்பாட்டினாங்க. அப்போ குருவாயியோட தொட்டில் உச்சியில நின்னுச்சு.

"இறக்குங்க"ன்னு யாரோ கத்தினாங்க.

"ராஜா எப்போ துப்புறாரோ அப்படியே நிக்கணும். யாரும் கையை எடுக்கக் கூடாது!"ன்னான் தளவாய்.

சுத்துறது பயம்னு நினைக்கிறோம் இல்ல? நிக்கிறதுதான் பெரிய பயம். சுத்தும்போது கெட்டதும் போகும், நல்லதும் வரும். உச்சியில நின்னா எதுவும் போகாது, எதுவும் வராது. காத்து மட்டும் வந்து தொட்டிலை ஆட்டிச்சு. ஆணி கிறீச் கிறீச்சுன்னுது. மலைப் பக்கம் இருந்த தொட்டில் காத்துல திரும்பிடுச்சு. இப்போ அவ கண்ணுக்கு நேரா கருங்காடு. அங்க யாராவது நிக்கிறாங்களான்னு அவ பார்த்தா. ஒரு புகை இல்ல, ஒரு சத்தம் இல்ல. என் பிள்ளை பாலுக்கு அழுமேன்னு நினைச்சா. அப்போ வயித்துல இருந்து கிளம்பிச்சு. நெஞ்சுக்கு வந்தது. தொண்டைக்கு வந்தது. வாய்க்கே வந்துடுச்சு.

குருவாயி பல்லைக் கடிச்சு, அதை முழுங்கிட்டா.

கடைசியில ராஜா கையைக் காட்டின பிறகுதான் இறக்கினாங்க. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயிருந்தது. தரையில உக்காந்து ரெண்டு கையாலயும் மண்ணைப் பிடிச்சுக்கிட்டா. ராஜா குனிஞ்சு அவ வாயைப் பார்த்தாரு, தொட்டிலைப் பார்த்தாரு. ஒண்ணும் இல்ல.

"கக்கல. இவ நல்லவ. அப்போ தோட்டை எடுத்தது யாரு?"

அதுவரைக்கும் சும்மா இருந்த ராணி சொன்னா, "குருவாயி பூவைக் கொடுத்துட்டு வாசலோட போயிட்டா. அவ போன பிறகு அறைக்குள்ள வந்தது தளவாய்தான். காவல் பார்க்க வந்தேன்னாரு."

"இதை ஏன் நீ முன்னாலேயே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? ராட்டினத்தைத்தானே கேட்டீங்க."

தளவாய் சத்தமாச் சிரிச்சான். "இவ்வளவுதானே? ஏத்துங்க என்னை. எனக்கு ஒரு ஏப்பம்கூட வராது." வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அவனாப் போய் உக்காந்தான். அவன் எத்தனையோ பேரை ஏத்தியிருக்கான், ஆனா ஒருநாளும் ஏறினது இல்ல.

குருவாயி எந்திரிச்சு நின்னா. "மகாராஜா, வீண்பழி சுமந்தவ நான். எப்படிச் சுத்தணும்னு நான் சொல்லலாமா?"

"சொல்லு."

"சுத்தவே வேணாம். மேல கொண்டுபோய் நிப்பாட்டுங்க."

மாடக்கண்ணு அவளை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் தள்ளினான். தொட்டில் உச்சிக்குப் போய் நின்னுச்சு. ராஜா வெத்தலையை வாயில போட்டு நிதானமா மெல்ல ஆரம்பிச்சாரு.

அப்புறம் காத்து அடிச்சுது.

"டேய் மாடக்கண்ணு, இறக்குடா! தலையை எடுத்துடுவேன்!"

"ராஜா இன்னும் துப்பலையே சாமி."

இன்னும் கொஞ்சம் காத்து. "மாடக்கண்ணு, அப்பா, இறக்குப்பா. உனக்கு என்ன வேணும்னாலும் தர்றேன்."

"ராஜா இன்னும் துப்பலையே சாமி."

அப்புறம் ஆணி கிறீச்சுன்னுது பாருங்க, தளவாய் தொட்டில் கம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு கத்தினான். "ஐயோ, தோட்டை எடுத்தது நான்தான்! லாயத்துல கொள்ளுச் சட்டிக்குள்ள இருக்கு! நெய்ச் சோத்தைப் போட்டுக் கக்க வச்சதும் நான்தான்! மாடக்கண்ணு தம்பி எதையும் எடுக்கல, அந்தத் திருட்டும் நான்தான் பண்ணேன்! இறக்குங்க, இறக்குங்க!"

ராஜா அண்ணாந்து பார்த்தாரு, தரையைப் பார்த்தாரு. "ஒரு பருக்கை கூட விழலையே. இவன் கக்கவே இல்லையே. அப்போ நல்லவன்தானா?"

ராணி சொன்னா, "உண்மையைக் கக்குறதுன்னா இதுதாங்க."

ராஜா மெல்லுறதை நிப்பாட்டினாரு. வாயில இருந்த வெத்தலையை அவரால துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. இதுவரைக்கும் அக்கரைக்கு அனுப்பினவங்க முகமெல்லாம் அவர் கண்ணு முன்னால ஒவ்வொண்ணா வந்திருக்கும்.

அந்தச் சமயத்துல குருவாயி மதில் ஓரமா ஓடிப்போய், வயித்துல இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தா. ராஜா பதறிட்டாரு. "ஐயோ, இவ இப்போ கக்குறாளே!"

"விடுங்க. அது வயிறு"ன்னா ராணி.

தளவாயை அவன் மத்தவங்களை அனுப்பின பரிசல்லயே அக்கரைக்கு அனுப்பினாங்க. ராட்டினத்தைப் பிரிச்சுப் போட்டாங்க. மாடக்கண்ணு ஆத்தங்கரையில நின்னு தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். காடு ஒண்ணும் சொல்லல. குருவாயி குழந்தையை வாங்கி மடியில போட்டுப் பால் கொடுத்தா.

தலை சுத்துறது ஒரு குத்தம் இல்ல, கண்ணுங்களா. ஒருத்தங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு தெரியணும்னா, உக்கார வச்சுக் கேட்கணும். கதை சுத்தி முடிஞ்சு தரைக்கு வந்துடுச்சு. நீங்களும் இறங்கிப் படுங்க.