யானைக் கொட்டாரத்து வாசலில் வேப்பிலை

மற்ற ராஜாக்களிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கவேண்டும் என்று செம்பனூர் ராஜாவுக்கு வெகுநாள் ஆசை. கடல் கடந்து வந்த குதிரை வியாபாரி ஒருவன் அந்த ஆசையைத் தீர்த்துவைத்தான். அவன் கொண்டுவந்து நிறுத்தியது ஒட்டகச்சிவிங்கி. அரண்மனையில் அதற்குத் தோதான வாசல் யானைக் கொட்டாரத்துக்குத்தான் இருந்தது. யானைகள் தோப்புக்குப் போயின. விருந்தாளி உள்ளே வந்தது.

வியாபாரி சபை நடுவிலேயே பக்குவத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனான். தழை தின்கிற பிராணி, தழையை உயரத்தில் கட்டவேண்டும், கூட்டமும் சத்தமும் ஆகாது என்றான். எல்லோரும் கேட்டார்கள். ராஜாவும் கேட்டார். அவன் போனதும் சொன்னார்:

"பாவம், இல்லாதப்பட்ட தேசத்தில் பிறந்திருக்கிறது. தழையைத் தவிர வேறு எதைக் கண்டிருக்கும்?"

அன்றே தன் கையால் அதற்கு ஒரு தட்டு அதிரசம் ஊட்டினார். அது நக்கிப் பார்த்துத் தின்றது. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

செம்பனூரில் யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போகிற வழக்கம் கிடையாது. மந்திரி வாழைத்தாரோடு வந்தார். தளபதி வெல்லத்தோடு வந்தார். ராணி நெய்ச்சோறு கொடுத்தனுப்பினாள். ராஜா சாப்பிடும்போது வாசிக்கிற நாகஸ்வரக்காரர்களுக்கு இங்கேயும் வந்து வாசிக்கும்படி உத்தரவானது. சீவாளியில் வாய் வைத்தாலே அந்தப் பிராணி உடம்பெல்லாம் நடுங்கும். இசை ஞானம் உள்ள பிராணி என்று சபையில் பேசிக்கொண்டார்கள்.

சீக்கிரமே அதற்கு வயிறு உப்பியது. அசைபோடுவது நின்றது. அவ்வளவு நீளக் கழுத்தைத் தூக்கமுடியாமல் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றது. செய்தி ஊரெங்கும் பரவியது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது இன்னும் பெரிய குற்றம் அல்லவா? சுகமாக இருந்தபோது ஒரு சீப்பு பழம் கொண்டுவந்தவர்கள் இப்போது இரண்டு சீப்பு கொண்டுவந்தார்கள்.

கொட்டாரத்தைப் பார்த்துக்கொண்டவன் இருளப்பன். ராஜா அவனைக் கூப்பிட்டு, அதன் உயிர் போகிற அன்று உன் உயிரும் போகும் என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு உள்ளே போய் அதன் வாயில் இன்னும் இரண்டு அதிரசத்தைத் திணித்துவிட்டும் வந்தார்.

இருளப்பன் நேரே கூத்தபிரானிடம் ஓடினான். சபையில் ராஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைச் சிரிக்கவைப்பதும், சிரிப்பு அடங்குவதற்குள் நல்ல காரியம் ஏதாவது முடித்துக்கொள்வதும் கூத்தபிரானுடைய உத்தியோகம்.

"நீங்க ஒரு வார்த்தை ராஜாகிட்ட சொல்லக் கூடாதா சாமி?"

"என்னவென்று சொல்ல? உங்கள் கையால் ஊட்டித்தான் அது படுத்துவிட்டது என்றா? அப்புறம் உனக்குத் துணையாக நானும் வரவேண்டியதுதான்."

இருளப்பன் அழுதான். கூத்தபிரான் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு அவன் காதில் ஏதோ சொன்னார். "யார் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல். பொய் மட்டும் சொல்லிவிடாதே" என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலையில் கொட்டாரத்து வாசல் நிலையில் கொத்துக்கொத்தாக வேப்பிலை தொங்கியது.

முதலில் வந்தவள் மந்திரியின் மனைவி. கையில் கொழுக்கட்டைத் தூக்கு. நிமிர்ந்து வேப்பிலையைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள். மற்றதை அவளே பார்த்துக்கொண்டாள். கொட்டாரத்தில் அம்மை கண்டிருக்கிறது என்று சற்றுநேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

வாழைத்தார்கள் பாதிவழியில் நின்றன. நாகஸ்வரம் உறைக்குள் போனது. அரண்மனை அடுக்களையில் கடுகு தாளிக்கக்கூட ராணி விடவில்லை. ராஜா மட்டும் மனசு கேட்காமல் வந்து, தூரத்திலேயே நின்று இருளப்பனைக் கேட்டார்.

"என்னடா கொடுக்கிறாய்?"

"வேப்பிலையும் தண்ணியுந்தான் மகாராஜா."

"அதுதான் சரி. உள்ளே யாரையும் விடாதே. என்னையும் விடாதே."

கொட்டாரத்தில் சத்தம் ஓய்ந்தது. தினமும் பழைய கொத்தை அவிழ்த்துப் புதுக் கொத்து கட்டினான் இருளப்பன். வாசலில் நின்று கும்பிட்டவர்களுக்கு அவனுடைய பக்தி ரொம்பப் பிடித்திருந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற காலம் வந்துவிட்டது என்று ராஜாவே ஒரு கணக்குப் போட்டார். பத்தியம் கிடந்த உடம்பு, இனி நன்றாகச் சாப்பிடவேண்டும் என்றும் முடிவு செய்தார். அதிரசத் தட்டை அவரே எடுத்துக்கொண்டார். மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு, அல்வா, நெய்ச்சோறு என்று தட்டுத்தட்டாக ஏந்திக்கொண்டு சபையே அவர் பின்னால் கிளம்பியது. இருளப்பன் கூட்டத்தில் கூத்தபிரானைத் தேடினான். அந்தத் தட்டுகள் உள்ளே போனால் இரண்டு உயிருக்கும் அத்தோடு சரி.

ராஜா வாசலை நெருங்கும்போது உள்ளேயிருந்து ஒரு கழுத்து நீண்டு வந்தது. கரிய நாக்கு ஒன்று வளைந்து, நிலையில் தொங்கிய வேப்பங்கொத்தைச் சுற்றி இழுத்தது. எல்லோரும் பார்க்க, அம்மனுடைய வேப்பிலையை அந்தப் பிராணி நின்று நிதானமாகத் தின்றது. கூட்டம் பயந்து பின்வாங்கியது.

ராஜாவின் முகம் மாறிவிட்டது. "கூத்தபிரான், இது என்ன அபசாரம்?"

"அபசாரம் இல்லை மகாராஜா, அது காலைச் சாப்பாடு. தழையை உயரத்தில் கட்டச் சொல்லி வியாபாரி சொன்னான். இங்கே உயரமான இடம் இந்த நிலைதான். நம் ஊர்த் தழைகளில் அது ஆசையாகத் தின்பது வேப்பந்தழை."

"அம்மன் பெயரைச் சொல்லி என்னையே ஏமாற்றினாயா?"

"அம்மை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை மகாராஜா. இருளப்பனும் சொல்லவில்லை. மகாராஜா கேட்டதற்குக்கூட அவன் உள்ளதைத்தானே சொன்னான்?"

ராஜா யோசித்துப் பார்த்தார். ஆமாம், அப்படித்தான் சொன்னான். கொட்டாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். வயிறு வற்றியிருந்தது. தோல் மின்னியது. அது அசைபோட்டுக்கொண்டே அவரைக் குனிந்து பார்த்தது.

"அம்மை இல்லையென்றால் அதற்கு வந்த நோய்தான் என்ன? அது போய்விட்டதா, இல்லையா?"

கூத்தபிரான் ராஜாவைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தட்டுகளோடு நின்ற சபையைப் பார்த்தார். பணிவாகக் கைகட்டிக்கொண்டு சொன்னார்:

"போகவில்லை மகாராஜா. வாசலுக்கு வெளியே தட்டோடு நிற்கிறது."

ராஜா தன் கையிலிருந்த அதிரசத் தட்டைப் பார்த்தார். முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. பிறகு கொட்டாரமே அதிரச் சிரித்தார். உள்ளே அந்தப் பிராணி மிரண்டு நாலடி பின்னால் போனது. ராஜா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே கழுத்து மாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். தட்டுகளையெல்லாம் இருளப்பன் வீட்டுக்குக் கொண்டுபோகும்படி சைகை செய்துவிட்டு, சத்தம் வராமல் நடந்து அரண்மனைக்குத் திரும்பினார்.