சேற்றுப்பொட்டு இல்லாத புறா

நெட்டிக்குளத்தின் கரையில் ஒரு பெரிய மருதமரம் இருந்தது. அதன் அடிமரத்துப் பொந்தில் கருமூஞ்சிக் குரங்கு ஒன்று சாமியாராக வாழ்ந்தது. மானும் முயலும் பறவைகளும் தினமும் அதன் காலில் விழும். சாமியார் குளத்துச் சேற்றைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைத்து அனுப்பும்.

சாமியார் உட்காரும் மெத்தை அவ்வளவு மென்மையானது. “எல்லாம் தவத்தின் மகிமை!” என்று சொல்லிச் சொல்லி வியப்பார்கள். அதற்குள் என்ன அடைத்திருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம். பறவைக் குஞ்சு முதன்முதலாக வானம் ஏறும் முன்பு பொந்துக்குள் போய்ச் சிறகுக்கு வாழ்த்து வாங்க வேண்டும். தனியாகத்தான் போக வேண்டும். உள்ளே நடந்ததை வெளியே சொன்னால் வாழ்த்து பலிக்காது. இந்த விதியைப் போட்டது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், சாமியார்தான்!

ஒருநாள் ஒரு மணிப்புறாக் குஞ்சு உள்ளே போனது. திரும்பி வந்தபோது இறக்கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உட்பக்கத்தில் இறகுகள் பிடுங்கப்பட்டு ரத்தம் கசிந்தது. பறக்க எழுந்தால் இரண்டு முழத்தில் விழுந்தது.

“அம்மா, சாமிதான் பிடுங்கினாரு!” என்று அழுதது புறா. “வலிக்குதுன்னு கத்தினேன். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்னு சொன்னாரு.”

“சத்தம் போடாதடி!” என்றது தாய்ப்புறா. “ஏதாவது முள்ளுல மாட்டியிருப்பே!”

“நாளைக்குத் தங்கச்சியோட முறை. அவளை அனுப்பாதேம்மா!”

“அனுப்பலேன்னா ஊரு என்ன பேசும்?”

ஊர் என்ன பேசும் என்று தெரிந்துகொள்ளப் புறா சபைக்கே நடந்து போனது. அங்கே தலைவர் கடமான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, ஒரு முறையீடு!”

“சொல்லும்மா. ஆமா, உன் நெத்தியில பொட்டைக் காணோமே? பொட்டு இல்லாம சபையில பேசக் கூடாது. போய்ச் சாமிகிட்ட வாங்கிட்டு வா. அப்புறம் உன் குறையைச் சொல்லு.”

“குறையே அவரைப் பத்தித்தான் ஐயா!”

“யாரைப் பத்தியா இருந்தா என்ன? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

கடமான் கெட்டவர் இல்லை. முறை தவறாதவர். வயிற்றெரிச்சலே அதுதான்.

பக்கத்தில் இருந்த கிழட்டு ஆமை குழைந்து பேசியது. “மன்னிச்சிடு கண்ணு. மன்னிக்கிறவங்கதான் பெரியவங்க.”

“அவரு மன்னிப்பே கேக்கலையே தாத்தா!”

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

புறா அழுதுகொண்டே புதர்ப் பக்கம் போனது. அங்கே ஒரு காட்டுப்பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. நாற்றம் என்று சொல்லி அதைச் சபைப் பக்கமே சேர்ப்பதில்லை.

“எங்கேடி வலிக்குது?” என்று கேட்டது பன்றி.

அன்று முழுவதும் புறாவிடம் யாரும் கேட்காத கேள்வி அது. புறா இறக்கையைத் தூக்கிக் காட்டியது. பன்றி குப்பைமேனி இலையை மென்று காயத்தில் அப்பியது.

“நீங்க என்னை நம்புறீங்களா அக்கா?”

“நம்புறேன். நீ ஒருத்தி மட்டும் இல்லடி. அதோ அந்தப் புதர்ல ஒரு கவுதாரி இருக்கா. மூணு வருஷமா பறக்கல. அவளுக்குப் பறக்க வராதுன்னு இந்த ஊரே சிரிக்குது. என்ன செய்யணும்னு நீ சொல்லு. நான் கூட வரேன்.”

“தங்கச்சி உள்ளே போகக் கூடாது அக்கா!”

மறுநாள் காலை, தங்கை பொந்து வாசலில் நின்றது. புறாவும் கவுதாரியும் பன்றியும் வழியை மறித்தார்கள்.

“தனியா போகாதே!” என்று கத்தியது புறா.

“அபசாரம்! அபசாரம்!” என்று சாமியார் குதித்தது. சத்தம் கேட்டுத் தாய்ப்பறவைகள் எல்லாம் ஓடி வந்தன.

பன்றி வாதாடவில்லை. உள்ளே நுழைந்து மெத்தையைக் கொம்புப் பல்லால் ஒரே கிழி கிழித்தது. இறகுகள் வாசல்வரை கொட்டின. பச்சை, சாம்பல், பழுப்பு, புள்ளி போட்டவை. ஒவ்வொரு தாய்க்கும் தன் குஞ்சின் இறகு தெரிந்தது. தாய்ப்புறா ஒரு சாம்பல் இறகை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு விம்மியது. தங்கையை இழுத்துத் தன் இறக்கைக்குள் வைத்துக்கொண்டது.

இனி நியாயம் கிடைக்கும் என்று புறா நம்பியது. பாவம்!

சபை கூடியது. “வெளியே தெரிஞ்சா குளத்துக்கே கெட்ட பேரு,” என்றார் கடமான். எல்லோரும் தலையாட்டினார்கள். சாமியாரைக் குன்றுக்கு அப்பால் இருக்கும் கோரைக்குளத்துக்கு அனுப்பி வைப்பது என்று முடிவானது. காரணம் கேட்டால் தவத்துக்குப் போனார் என்று சொல்ல வேண்டும். மாலை போட்டு, பழக்கூடை கொடுத்து வழியனுப்பினார்கள். புனித மெத்தையைக் கிழித்த குற்றத்துக்குப் பன்றி இனி அந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது!

“அங்கேயும் குஞ்சுங்க இருக்குமே அக்கா?” என்றது புறா.

“இருக்கும்.”

பறக்க முடியாத புறா நடந்தது. பன்றியும் நடந்தது. மூன்று நாள் ஆனது. கோரைக்குளத்தில் சாமியாருக்குப் புதுப் பொந்து தயாராகி இருந்தது. வாசலில் தாய்ப்பறவைகள் குஞ்சுகளோடு வரிசையில் நின்றன. உள்ளே மெத்தை இன்னும் தடிக்கவில்லை. ஆனால் அதில் இரண்டு புது இறகுகள் இருந்தன.

அந்தக் குளத்துத் தலைவர் ஓர் எருமை. அவர் புறாவை ஏற இறங்கப் பார்த்தார். “என்னம்மா, நெத்தியில பொட்டைக் காணோமே?”

புறா நேரே வரிசையிடம் போய், எல்லோரும் பார்க்கும்படி இறக்கையைத் தூக்கியது.

“எனக்கு இதைச் செஞ்சது அவருதான்!”

சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரே ஒரு மைனா மட்டும் அந்த வெற்றுத் தோலை நெடுநேரம் பார்த்தது. பிறகு தன் குஞ்சை அழைத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தது. மற்றவர்கள் ஓர் அடி முன்னால் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பினார்கள்.

காயப்பட்டவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்காமல், காயப்படுத்தியவனின் மானத்தைக் காப்பாற்ற ஓடும் ஊர், அடுத்த குஞ்சின் இறகையும் தன் கையாலேயே பிடுங்குகிறது.